பொருந்தாத பழைய விமானக் கிட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு வரிகள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பழைய கிட்டுகள், அதாவது ஒட்டிக் கட்டுவதற்குத் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் மாடல்கள், சரியாகப் பொருந்தாது, அவற்றைச் சேகரிப்பாளர்களுக்கு விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி ஒன்று. அப்படியும் ஆசைப்பட்டுக் கட்டுகிறவர்கள் இடைவெளிகளில் புட்டியை, அதாவது நிரப்பும் பசையை, அப்பித் தேய்த்துவிட்டால் போதும் என்கிற மாதிரி இன்னொன்று. முதல் வரியை நான் ஏற்கவில்லை. இரண்டாவது வரியை நம்பி இறங்கியவர்கள்தான் கடைசியில் வெறுத்துப்போய் முதல் வரியைச் சொல்லத் தொடங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

பழைய கிட் பொருந்தாது என்பது உண்மைதான், அதில் சண்டை இல்லை. இரண்டு உடல் பாதிகளை எடுத்துச் சேர்த்துப் பிடித்தால் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும், இறக்கையை வைத்தால் தூரில் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விழும், விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்துகொள்ளும். 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் இடுக்கு என்பது நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். கையே உள்ளே போய்விடும். ஆனால் ஏன் பொருந்தவில்லை என்பது தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கட்டுரையில் அந்தப் பகுதியே இல்லை.

1936-இல் பிரிட்டனில் ஃபிராக் நிறுவனம் பெங்குயின் என்ற பெயரில் 1/72 அளவு விமானக் கிட்டுகளை விற்கத் தொடங்கியது. அவை செல்லுலோஸ் அசிடேட்டில் வார்த்தவை, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலே நாளடைவில் முறுக்கிக்கொள்ளும் சரக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் இப்போது கிட்டுகளில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் வந்து சேர்ந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமானக் கிட்டான ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை 1953-இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வரைபடம் கிடையாது. கைவினைஞர் ஒருவர் பெரிய அளவில் மாதிரி செய்வார், அதைப் பாண்டோகிராஃப் எந்திரத்தில் தடவித் தடவிச் சுருக்கி எஃகு அச்சில் குடைவார்கள். இடது பாதிக்கு ஒரு குடைவு, வலது பாதிக்கு ஒரு குடைவு. இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும் என்பது எல்லாம் அந்த மனிதரின் கையையும் கண்ணையும் பொறுத்தது.

அதோடு முடியவில்லை. உருக்கி அச்சில் செலுத்திய பாலிஸ்டைரீன் ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. நீளமுள்ள உடல் பாதியில் அது முக்கால் மி.மீ. அச்சைக் குடைபவர்கள் இதற்கு இடம் விட்டுத்தான் குடைவார்கள், ஆனால் தடித்த இடம் மெதுவாகவும் மெலிந்த இடம் சீக்கிரமாகவும் ஆறுவதால் எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்காது. தடித்த இடத்தின் மேல்பரப்பு உள்வாங்கிக் குழி விழும். சூடு முழுக்க இறங்குவதற்கு முன்னால் அச்சிலிருந்து தள்ளிவிட்டால் இறக்கை வாழைப்பட்டை மாதிரி வளைந்துவிடும். அச்சு தேயத் தேய அதன் ஓரங்களில் உருகிய பிளாஸ்டிக் கசிந்து பிசிறாகத் தொங்கும். அச்சின் இரண்டு பாதிகளும் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் ஒவ்வொரு உருண்டைத் துண்டின் நடுவிலும் ஒரு படி விழும், சக்கரத்தின் காலைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று, அச்சுக்குச் சாவு கிடையாது. ஃபிராக் 1976-இல் நின்றுபோனது. அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் மறுபடி வார்க்கப்பட்டன, ஜெர்மனி ஜப்பான் தரப்பு விமானங்களின் அச்சுகள் மட்டும் ரெவெல் கைக்குப் போயின. இப்படி ஒரே அச்சு பல கை மாறிப் பல பெட்டிகளில் வரும். பெட்டியின் மேல் பளபளவென்று புதுப் படம், உள்ளே பாட்டன் காலத்துச் சரக்கு. அதனால் பழைய கிட்டே வேண்டாம் என்று ஒதுங்கி நின்றாலும் அது புதுப் பெட்டியில் வந்து மாட்டிக்கொள்ளும். திறந்ததும் இறக்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள், பல கிட்டுகளில் வருடம் அங்கே பொறித்திருக்கும். விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் புடைப்பாக இருந்தாலும், விமானி இருக்கை என்ற பெயரில் ஒரு முட்டுக்கட்டை மட்டும் இருந்தாலும், பழைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, பொருந்தாத கிட்டை என்ன செய்வது? இங்கேதான் கட்டுரையாளரோடு நான் முட்டிக்கொள்கிறேன்.

பொருந்தாமை என்பது அங்கங்கே தனித்தனியாக முளைக்கும் ஓட்டை கிடையாது. உடலின் ஒரு பாதி மற்றதைவிட ஒரு மி.மீ. நீளம் என்றால் அந்த ஒரு மி.மீ. எங்கேயாவது போயே தீர வேண்டும். மூக்கிலிருந்து ஒட்டிக்கொண்டு போனால் வாலில் படியாக நிற்கும், வாலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தால் மூக்கில் நிற்கும், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒட்டினால் பாதிப் பாதியாகப் பிரிந்துகொள்ளும். அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், பசைக் குப்பியைத் திறப்பதற்கு முன்னால். நீங்கள் முடிவு செய்யாவிட்டால் கிட் முடிவு செய்யும், அது நிச்சயமாகக் கண்ணாடிக் கூண்டின் அடியிலோ இறக்கைத் தூரிலோ, உங்களால் எதுவும் செய்ய முடியாத இடமாகப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

தேய்க்க முடிகிற இடத்துக்குப் பிழையைத் தள்ள வேண்டும், தேய்க்க முடியாத இடத்தை முதலில் சரியாக உட்கார வைக்க வேண்டும், நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். கண்ணாடித் துண்டைத் தேய்த்தால் மங்கிவிடும், பிறகு மெருகேற்றுவது பெரும்பாடு. அதனால் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒட்டப் போகிற அந்தக் கூண்டைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். உடல் பாதிகளை டேப்பால் சேர்த்துக் கட்டி, கூண்டை மேலே உட்கார்த்தி, அது இரண்டு பக்கமும் சமமாக உட்காரும் வரை பாதிகளை முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த நிலையில் கூண்டுக்கு முன்னால் ஒரு விரற்கடையும் பின்னால் ஒரு விரற்கடையும் மட்டும் பசை விட்டு நிறுத்துங்கள். அது முழுசாக இறுகட்டும். அப்புறம் வால் பக்கம் கொஞ்சம், அது இறுகிய பிறகு அடிவயிறு கொஞ்சம். முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் பசை விட்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால் வளைந்திருக்கிற பாதி நேராக இருக்கிற பாதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பாகம் பாகமாக ஒட்டும்போது ஒவ்வொரு இடத்திலும் விரலால் அழுத்தி இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடிகிறது. மிச்சம் விழும் வித்தியாசம் மூக்கு நுனிக்கு வரும், அங்கே புரொப்பெல்லர் குமிழ் அதை மூடிக்கொள்ளும், அல்லது இரண்டு இழுப்பில் தேய்த்துவிடலாம்.

இறக்கைத் தூரைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கைவிடுவது அங்கேதான். தாழ் இறக்கை உள்ள போர் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு இறக்கையும் சேர்ந்த ஒரே துண்டு, மேலே இடது ஒன்று வலது ஒன்று. எல்லாவற்றையும் ஒட்டி உடலுக்கு அடியில் செருகினால் இரண்டு பக்கமும் மேலே ஒரு இடுக்கு. கட்டுரை சொன்னபடி அதில் புட்டியை வைத்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் இறக்கை உடலோடு கலக்கும் ஒரு அழகான உள்வளைவு இருக்கும். புட்டியைத் தேய்க்கும்போது அந்த வளைவும் போய், பக்கத்தில் இருக்கிற கோடுகளும் போய், பார்க்கிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும்.

அதற்குப் பதிலாக அந்த இடுக்கு ஏன் வந்தது என்று பாருங்கள். இரண்டு காரணம் இருக்கலாம். இறக்கை நுனிகள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லாமல் தொங்குவதால் தூர் விலகி நிற்கலாம். அப்படியென்றால் ஒரு நுனியிலிருந்து உடலுக்கு மேலாக மறு நுனி வரை டேப்பை இழுத்து ஒட்டுங்கள், நுனிகள் மேலே எழும்ப எழும்ப இடுக்கு மூடிக்கொண்டு வரும். முன்னாலிருந்து பார்த்து இரண்டு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரமா என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் உடலே ஒடுங்கிப்போயிருக்கலாம், உடல் பாதிகளின் ஒட்டும் முகத்தைச் சமப்படுத்துகிறேன் என்று அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் இது நடக்கும். அதற்கு ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, ஒரு குச்சியை வெட்டி, உடலின் உள் அகலத்தைவிட ஒரு இம்மி நீளமாக வைத்து, இறக்கை வரும் திறப்பின் வழியாக உள்ளே குறுக்காக மாட்டுங்கள். உடலின் இரண்டு சுவரும் வெளியே தள்ளப்பட்டு இறக்கையின் தூரைப் போய்த் தொடும். குச்சி நீளமாகிவிட்டால் அரத்தால் ஒரு இழுப்பு, குட்டையாகிவிட்டால் இன்னொரு குச்சி, ஸ்ப்ரூவுக்கா பஞ்சம். குச்சி சரியாக மாட்டிய உடனே அந்த இடுக்கு கண்ணெதிரே மூடிக்கொள்வதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது பாருங்கள், அது புதுக் கிட்டில் கிடைக்காது.

இரண்டும் செய்த பிறகும் இடுக்கு மிச்சம் இருந்தால் அப்போதும் புட்டிக்கு அவசரம் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கீற்றாக வெட்டி இடுக்கில் செருகிப் பசை விட்டு, காய்ந்த பிறகு பிளேடால் மட்டமாகச் சீவிவிடலாம். தகடு இல்லையென்றால் ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் நூல் மாதிரி நீளும், அந்த நூலை இடுக்கில் வைத்துப் பசை தொட்டால் இளகி உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்டிக்கை பிளாஸ்டிக்கால் அடைப்பதில் என்ன லாபம் என்றால், பாலிஸ்டைரீன் பசை ஒட்டுவது கோந்து ஒட்டுவது போன்றது கிடையாது. அதிலிருக்கும் கரைப்பான் இரண்டு முகத்தையும் கரைத்து ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறது, கரைப்பான் ஆவியானதும் அது ஒரே துண்டு. கடினமும் ஒன்று, தேய்கிற வேகமும் ஒன்று. குழாயில் வரும் புட்டியின் கதை வேறு. அது காயக் காயச் சுருங்கும், இன்று மட்டமாகத் தேய்த்த இடம் பெயின்ட் அடித்த பிறகு மறுபடி ஒரு கோடாக எழுந்து நிற்கும். பிளாஸ்டிக்கைவிட மென்மையாக இருந்தால் உப்புத்தாள் அதை மட்டும் அதிகமாகத் தின்று பள்ளமாக்கும். சூப்பர் க்ளூவை நிரப்பியாகப் போடுகிறவர்கள் உண்டு, நல்ல வழிதான், ஆனால் இறுகிய கையோடு தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் அது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், அப்புறம் தேய்த்தால் பிளாஸ்டிக் குழியும், க்ளூ மேடாக நிற்கும்.

புட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுருங்கிய குழிக்கும், துண்டை அச்சிலிருந்து வெளியே தள்ளும் முள் பதிந்த வட்டத் தழும்புக்கும், கீறலுக்கும் அது வேண்டும். இடுக்கை அடைக்க அது கடைசி ஆயுதமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

பசை பற்றி ஒன்று. குழாய்ப் பசையைக் கோடு போட்டு இரண்டு துண்டையும் அழுத்துவதுதான் பெட்டிக்குள் இருக்கும் பழைய படவிளக்கத் தாள் சொல்லும் முறை. நீர்மமான பசை இருந்தால் துண்டுகளை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் மேல் தூரிகையால் தொட்டால் போதும், அது இடுக்கு வழியாகத் தானே ஓடும். தொட்ட இடத்தில் விரல் இருந்தால் விரலடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும், ஆகவே விரலைத் தள்ளிப் பிடியுங்கள். ஒரு சில நொடி விட்டு இரண்டு பாதியையும் இறுக்கி அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் இணைப்பு நெடுக மெல்லிய மணிக்கோடாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிளேடால் சீவினால் அந்தப் பிதுக்கமே இணைப்பை அடைத்திருக்கும். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

தேய்ப்பதில் கவனிக்க வேண்டியது, உருண்டையான உடலைத் தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால் முதுகு நெடுக ஒரு தட்டைப் பட்டை விழுந்துவிடும், பெயின்ட் அடித்து வெளிச்சத்தில் திருப்பும்போதுதான் தெரியும். தாளை நாடாவாக வெட்டி இரண்டு முனையையும் பிடித்து உடலின் மேல் குறுக்காக முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். 400 எண் தாளில் ஆரம்பித்து இன்னும் நைசான 600, 1000 என்று போகலாம், தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். தண்ணீர் தொட்டால் தாள் அடைத்துக்கொள்ளாது, தூசியும் மூக்குக்குப் போகாது.

புடைப்புக் கோடுகள் தேய்ப்பில் போய்விடுமே என்று கேட்பார்கள். போகத்தான் செய்யும். சிலர் கிட் முழுக்கப் புடைப்பை மழித்துவிட்டு, தடித்த டேப்பை ஒட்டி அதன் ஓரமாக ஊசியை இழுத்துப் பள்ளக்கோடாக மறுபடி கீறுவார்கள். பொறுமை இருந்தால் செய்யுங்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 1/72 விமானத்தைக் கைநீட்டுத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம், அந்தத் தூரத்தில் தகட்டுக் கோடு யாருக்குத் தெரிகிறது? 1973-இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் கிட்டுகளின் பள்ளக்கோடுகளைப் பதுங்குகுழி என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள், ஆகவே பள்ளமாக இருந்தாலே சரி என்பதும் கிடையாது. இணைப்பு ஓரத்தில் மறைந்த கோட்டை மட்டும் பென்சிலால் தொட்டுவிட்டு மேலே போங்கள், பெயின்டுக்கு மேல் அது போதும்.

அதே மாதிரி மூக்கு இரண்டு மி.மீ. குட்டை, வால் வளைவு தவறு என்று வரைபடத்தோடு ஒப்பிட்டு அழுகிறவர்களிடமும் எனக்குப் பொறுமை குறைவு. கிட் பொருந்துகிறதா என்பது ஒரு கேள்வி, அது நிஜ விமானம் மாதிரி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கிட்டில் ஒரே சமயத்தில் தீர்க்கப் போகிறவர்களின் கிட்தான் பெட்டிக்குள் பாதியில் நிற்கிறது. முதல் கேள்வியை முடித்துவிட்டு இரண்டாவதை அடுத்த கிட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் ஸ்ப்ரூவோடு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். துண்டைக் கையால் திருகிப் பிய்க்கக் கூடாது, வெட்டுக்குறடால் கொஞ்சம் தள்ளி வெட்டி மிச்சத்தைப் பிளேடால் சீவ வேண்டும். வளைந்த இறக்கையைச் சூடான தண்ணீரில் வைத்து, கை தாங்கும் அளவுக்கு வந்ததும் மெதுவாக நேராக்கி, பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே தொய்ந்துவிடும். பழைய கிட்டுகளில் இறக்கையின் பின்னோர மடிப்பு ஆடும், சக்கரம் உள்ளே மடங்கும் என்றெல்லாம் விளையாட்டுக்காக வைத்திருப்பார்கள், அந்த ஆட்டத்துக்கு விட்ட இடைவெளிதான் அசிங்கமாகத் தெரியும். ஆட வைக்க வேண்டாம், அசையாமல் ஒட்டிவிட்டால் பாதி அழகு வந்துவிடும்.

மூக்குச் சக்கரம் உள்ள விமானம் என்றால் உடலை மூடுவதற்கு முன்னால் மூக்கில் எடை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, பின் சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து அதன் மேல் நிறுத்திப் பாருங்கள், மூக்கு கவிழும் வரை எடை சேருங்கள், பெயின்டும் புட்டியும் பின்னால் எடை கூட்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அந்த எடைக்கு ஈயக் குண்டைப் போட்டு வெள்ளைக் கோந்தை ஊற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். இரண்டும் அடைத்த இடத்தில் சேர்ந்தால் வருடங்கள் போகப் போக ஈயம் வெளுத்துப் பூரித்து மூக்கையே பிளந்துவிடும். இரும்பு நட்டோ எஃகுக் குண்டோ போதும்.

டெக்கால்கள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், மஞ்சளடித்திருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள், மஞ்சள் நன்றாகவே வெளுக்கும். பிறகு வேண்டாத ஒரு டெக்காலை மட்டும் தண்ணீரில் விட்டுச் சோதித்துப் பாருங்கள். சுக்கு நூறாக உடைந்தால் மற்றவற்றின் மேல் வார்னிஷை மெல்லியதாக அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுத்துப் போடலாம்.

கட்டுரையில் ஒரு இடத்திலும் பாதுகாப்பு பற்றி இல்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பக்கத்திலிருந்த படங்களில் குழந்தைகள் இருக்கிறார்கள். நீர்மப் பசையின் ஆவி நல்லதல்ல, சன்னலைத் திறந்து வைத்துத்தான் உட்கார வேண்டும், குப்பியை மூடாமல் மேசையில் விடக் கூடாது. பிளேடு புதிதாக இருந்தால்தான் குறைவாக அழுத்த வேண்டியிருக்கும், மழுங்கிய பிளேடுதான் சறுக்கி விரலில் ஏறும். ஸ்ப்ரூவைச் சுடரில் இழுப்பது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பாலிஸ்டைரீன் தீப்பிடித்தால் கரும்புகையோடு சொட்டும்.

கடைசியாக, புதுக் கிட்டை வாங்குங்கள் என்ற ஆலோசனை பற்றி. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் ஒன்றிரண்டை நன்றாகப் பொருந்தும் கிட்டில் செய்யட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் எல்லா விமானமும் புதுக் கிட்டாக வருவதில்லை. விக்கர்ஸ் வில்ட்பீஸ்ட், பிளாக்பர்ன் ஷார்க் மாதிரி யாரும் பெரிதாகப் பேசாத விமானங்களுக்கெல்லாம் ஃபிராக் அச்சு வார்த்து வைத்தது. பெரிய நிறுவனங்கள் ஸ்பிட்ஃபயரையும் மெஸ்ஸர்ஷ்மிட்டையும்தான் திருப்பித் திருப்பிச் செய்யும், ஏனென்றால் அவைதான் விற்கும். ஒதுங்கி நின்ற விமானங்களில் ஆசை வைத்தவர்களுக்குப் பல சமயம் பழைய அச்சைத் தவிர வழி கிடையாது. அவர்களிடம் போய் அதைத் தொடாதே என்று சொன்னால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

தொடரின் அடுத்த பகுதி பெயின்ட் அடிப்பது பற்றி என்று போட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலையைப் பற்றிப் போடுங்கள். அந்தப் பகுதியிலும் வண்ணத்துக்கு நேரடியாகப் போகாமல், முதலில் சாம்பல் நிற ப்ரைமரை அடிப்பூச்சாக ஒரு தடவை அடித்து இணைப்புகளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக், பச்சைப் புட்டி, பளபளக்கும் க்ளூ என்று பல நிறமாக இருக்கும்போது கண்ணுக்குத் தப்பிய கோடெல்லாம் ஒரே நிறமானதும் வெளியே வந்துவிடும். அப்போது தேய்ப்பது சுலபம், மூன்று வண்ண உருமறைப்பு அடித்த பிறகு கண்டுபிடித்தால்தான் அழுகை வரும்.

இப்படிக்கு,
பழைய கிட்டுகளை விடாமல் கட்டும் ஒரு வாசகர்